சேயாறும் செய்யாறும்

செய்யாறு என்று எழுதும்போது ஒரு 'ய்' கூடுதலாக வந்து உட்கார்ந்துவிடுகிறது. சங்க நூலான மலைபடுகடாம் இந்த ஆற்றைப் பாடியபோது அது இல்லை. அங்கே பெயர் சேயாறு. நெடில் குறுகியதும் மெய் இரட்டித்தது. 'மெய்'யும் 'எழுத்து'ம் சேர்ந்தால் மெய்யெழுத்து; 'பேய்'க்குப் பின்னால் 'ஆட்டம்' வந்தால் பேயாட்டம்தான். தனிக்குறிலை அடுத்த மெய், பின்னால் உயிர் வந்தால் இரட்டும் என்று பள்ளிக்கூடத்தில் புணர்ச்சி விதி படித்த எல்லோருக்கும் இது தெரியும். அதனால் அந்த ஒற்றை 'ய்' ஒரு தடயம். ஏதோ ஒரு காலத்தில், இந்தக் கரையில் வாழ்ந்தவர்கள் 'சேய்' என்ற சொல்லைக் கேட்பதை நிறுத்திவிட்டு 'செய்' என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஒரு சொல்லின் பொருள் மறந்துபோனாலும் மக்கள் அதன் ஒலியை எளிதில் விடுவதில்லை. அந்த ஒலிக்குப் புதிதாக ஒரு பொருளைத் தேடிக்கொள்கிறார்கள். செய்யாற்றின் கரையோரப் பெயர்களில் இதைப் படிப்படியாகப் பார்க்க முடிகிறது. ஆற்றின் பெயரில், கோயில்களின் பெயரில், கடைசியில் செய்யாறு நகரத்தின் பெயரில். இதைத் தேடித்தான் நண்பர்கள் நாங்கள் ஜவ்வாது மலையில் தொடங்கித் திருமுக்கூடல்வரை கரையோரமாகவே போனோம். செங்கத்துத் தமிழாசிரியர் ஒருவர், நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர், ஜமுனாமரத்தூர்ப் பக்கம் சாமை விதைக்கும் மலையாளி இனத்துத் தம்பி ஒருவர். ஒரே பெயரை இந்த மூன்று பேரும் மூன்று விதமாகக் கேட்பார்கள்.

முதலில் மலையின் பெயர். ஜவ்வாது, சவ்வாது, ஜவாது, ஜவாதி என்று இதை நான்கு விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். வாசனைப் பொருளான சவ்வாதுதான் இந்த மலைக்குப் பெயர் தந்தது என்று கீழே உள்ள ஊர்களில் சொல்வார்கள். புனுகுப் பூனையிடமிருந்து எடுக்கும் வாசனைப் பொருளுக்கு அரபியில் 'ஸபாத்' என்று பெயர். ஐரோப்பிய மொழிகளில் அந்தப் பூனைக்கு வழங்கும் 'சிவெட்' என்ற பெயரும் அதே அரபிச் சொல்லிலிருந்து போனதுதான். நம் சவ்வாதும் அந்தக் குடும்பம். கடல் வணிகத்தோடு வந்த சொல். பூனையிடமிருந்து கிடைப்பதற்குப் புழுகு, புனுகு என்று தமிழில் முன்பே சொல் இருந்தது. பிறகு சந்தனமும் பிற வாசனைகளும் கலந்த பொடிக்குச் சவ்வாது என்ற பெயர் நிலைத்தது. சந்தன மரத்துக்குப் பேர்போன மலைக்கு இந்தப் பெயர் பொருந்திப் போனதில் வியப்பில்லை. ஆனால் வாசனைப் பொருளின் பெயர்தான் மலைக்கும் வந்தது என்றால், மலையின் இன்றைய பெயர் ஆற்றின் பெயரைவிடப் பல நூறு ஆண்டுகள் இளையது.

அதற்கு முன் இந்த நிலத்துக்கு இருந்த பெயர் அழகானது: பல்குன்றக் கோட்டம். தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களில் ஒன்று. பல குன்றுகள் உள்ள கோட்டம். ஒரு மலைத்தொடரைத் தனிப்பெயர் வைத்து அழைக்காமல், கண்ணால் பார்த்ததையே பெயராக்கியிருக்கிறார்கள். ஜமுனாமரத்தூர் மேட்டில் நின்று சுற்றிலும் பார்த்தால் அது எவ்வளவு சரியான பெயர் என்று புரியும். ஒரு குன்றின் முதுகுக்குப் பின்னால் அடுத்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்கள் பங்குபோட்டுக்கொண்டிருக்கும் மலை இது.

இங்கே வாழும் மக்களின் பெயரும் குழப்பம் தரக்கூடியது. மலையாளி என்றால் வெளியூர்க்காரர்கள் கேரளம் என்று நினைப்பார்கள். இங்கே மலையாளி என்பவர் மலையை ஆள்பவர், மலைக்காரர். பட்டியல் பழங்குடியினர். பேசுவது தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது தலைமுறை தலைமுறையாக இவர்கள் சொல்லிவரும் கதை. அந்தக் கதையை எங்கள் தம்பி சொன்னபோது அளவைக்கார அண்ணன் வரைபடத்தை விரித்துக் காட்டினார். காஞ்சிக்கு அருகில் பாலாற்றோடு கலக்கும் செய்யாற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தால், வந்து முடியும் இடம் இந்த மலை. கதைக்கு ஆறே வழி காட்டுகிறது.

மலையின் தண்ணீர் ஒரே பக்கம் போவதில்லை. வடசரிவில் விழும் மழை பாலாற்றுக்குப் போகிறது. மேற்குச் சரிவில் விழுவது தென்பெண்ணைக்கு. தெற்கிலும் கிழக்கிலும் இறங்குவது செய்யாறு. ஆரணி வழியாகப் போகும் கமண்டல நாகநதியும் கடைசியில் செய்யாற்றில்தான் சேர்கிறது. ஜமுனாமரத்தூருக்குச் சுற்றுலா வருபவர்கள் பீமன் அருவியையும் கோலப்பன் ஏரியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நாங்கள் ஓடைகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருந்த நேரம். பாதையோரத்து ஓடையில் தண்ணீர் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு வந்தது. கையில் அள்ளினால் விரலிடுக்கில் மெல்லிய சிவப்புப் படிவு தங்கியது. "முதல் தண்ணி இப்படித்தாண்ணா வரும், செவசெவன்னு. நாலு நாள் போனாத்தான் தெளியும்" என்றார் தம்பி. நீங்கள் இதை என்னவென்று சொல்வீர்கள் என்று ஆசிரியர் கேட்டார். "ஆறுன்னுதான் சொல்லுவோம் சார்." அளவைக்கார அண்ணன் தலையாட்டினார். அவர் பார்த்த அ-பதிவேடுகளிலும் 'ஆறு புறம்போக்கு' என்று மட்டும்தான் இருக்குமாம். ஆற்றின் கரையில் இருப்பவனுக்கு ஆற்றின் பெயர் தேவைப்படுவதில்லை. அடுத்த ஊர்க்காரனுக்குத்தான் தேவைப்படுகிறது.

சங்க இலக்கியத்தில் அந்தப் பெயரைச் சொல்பவரும் வழிகாட்டும் ஒருவர்தான். மலைபடுகடாம் பத்துப்பாட்டில் பத்தாவது, 583 அடிகள், பாடியவர் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார். பாட்டுடைத் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன் சேய் நன்னன். நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தர் தலைவன், எதிரே வரும் இன்னொரு கூத்தர் கூட்டத்துக்கு வழி சொல்கிறான். எந்த ஊரில் என்ன சாப்பாடு கிடைக்கும், எந்தப் பாதையில் பாம்பு உண்டு, தினைப்புனக் காவலர் எங்கே கவண்கல் எறிவார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, நன்னனின் ஊரை நெருங்கும் இடத்தில் ஆற்றைக் கைகாட்டுகிறான். குயவர் சக்கரம்போல நுரைக்குமிழி சுழலும் வேகமான ஆறு, பார்த்தவர் மறுபடியும் பார்க்க ஏங்கும், கண்ணுக்கு இனிய சேயாறு, அதன் ஒரு கரையைப் பிடித்துக்கொண்டே போங்கள் என்கிறான். ஒரு கரையைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்லும் அந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. இன்றைக்கும் ஆற்றோர ஊர்களைப் பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது.

ஒரே பாட்டில் 'சேய்' இரண்டு இடத்தில் வருவதைக் கவனிக்க வேண்டும். தலைவனின் பெயரில் அது மகன்: நன்னனுடைய சேய் நன்னன். ஆற்றின் பெயரில் அது என்ன? சேய் என்றால் குழந்தை, முருகன், சிவப்பு, தூரம். நான்கும் தமிழில் பழைய பொருள்கள். தூரம் இங்கே பொருந்தாது. செங்கத்துக்காரனுக்கு ஆறு வீட்டு வாசலில் ஓடுகிறது, அவன் அதைத் தொலைவில் உள்ள ஆறு என்று சொல்ல மாட்டான். முருகன் என்ற பொருளே சிவப்பிலிருந்து கிளைத்ததுதான். தொல்காப்பியம் குறிஞ்சித் தெய்வத்தைச் சேயோன் என்று சொல்வது அவன் சிவந்தவன் என்பதால். செம்மை, செந்நீர், செவ்வானம், சேந்த கண் என்று தமிழில் நீளும் இந்த வேர் கன்னடத்தில் கெம்பு என்று நிற்கிறது.

என் முடிவு சிவப்பு. அதற்கு நான் காட்டும் சான்று பக்கத்து ஆறு. இதே மலையின் வடபுறத்தில் ஓடுவது பாலாறு, வெண்மணல் விரிந்த ஆறு. ஒரு மலை, இரண்டு பக்கம் இரண்டு ஆறுகள், ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. இரண்டும் கடைசியில் ஒன்றாகக் கலக்கின்றன. நிறத்தை வைத்து ஆறுகளைப் பிரித்துச் சொல்வது தமிழ் நிலத்தில் பழைய பழக்கம்: பரங்கிப்பேட்டையில் கடல் சேர்வது ஒரு வெள்ளாறு, புதுக்கோட்டைச் சீமையில் ஓடுவது இன்னொரு வெள்ளாறு. ஆந்திரத்தின் கோதாவரிப் பகுதியில் எர்ர காலுவ ஓடுகிறது, சிவப்புக் கால்வாய் என்றே பொருள். வியட்நாமின் ஹனோய் நகரம் செவ்வாற்றின் கரையில் இருக்கிறது, அங்கும் வண்டல்தான் காரணம். ஜவ்வாது மலை ஓடையில் கையை நனைத்தவர்களுக்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டியதில்லை.

செங்கம் வந்து சேர்ந்ததும் சிவப்பு இன்னொரு முறை எதிர்ப்படுகிறது. செங்கண்மா என்பதே குறுகிச் செங்கம் ஆனது. செங்கண் மா: சிவந்த கண்ணுள்ள விலங்கு. இங்குள்ள பழைய சிவன் கோயிலில் சுவாமியின் பெயர் ரிஷபேசுவரர். செங்கண் மாவைக் காளை என்று கொண்டு வடமொழியில் சொன்னால் அந்தப் பெயர் வந்துவிடுகிறது என்று ஆசிரியர் சொன்னார். எனக்கும் அது ஏற்புடையதாகவே படுகிறது. இந்தக் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுப் பாடல் ஒன்று, நன்னனின் மலையைக் 'கடாம்' பாடப்பெற்ற மலை என்று நினைவுகூர்கிறது. பாட்டு பிறந்து பல நூற்றாண்டுகளுக்குப் பிறகும் உள்ளூரில் அதை மறக்கவில்லை. உ.வே.சாமிநாதையர் 1889இல் பத்துப்பாட்டை அச்சேற்றுவதற்கு எவ்வளவோ காலம் முன்பே, அந்தப் பாட்டின் பெயர் செங்கத்துக் கல்லில் ஏறிவிட்டது.

செங்கத்தைச் சொல்லும்போது நடுகற்களைச் சொல்லாமல் போக முடியாது. இரா. நாகசாமி பதிப்பித்த 'செங்கம் நடுகற்கள்' தொகுதி 1972இல் தமிழகத் தொல்லியல் துறை வழியாக வந்தது. ஆநிரை மீட்டு இறந்தவர்களின் பெயர்களை அதில் வரிசையாகப் படிக்கலாம். எடுத்தனூர்க் கல்லில் கருந்தேவகத்தி என்ற வீரனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. அதன் பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது: கோவிவன். மகேந்திரவர்மன் காலத்துக் கல். திருடர்களைக் கடித்துத் தன் எசமானின் உடலருகே நின்ற நாய் அது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஒரு நாயின் பெயர் எழுத்தில் இருக்கிறது. பெயர்களின் வரலாற்றைத் தேடிப் போகிறவனுக்கு இதைவிட நெகிழ்ச்சியான கல் வேறொன்று இருக்க முடியாது.

செங்கத்துக்கு அருகே ஆற்றின் குறுக்கே குப்பநத்தம் அணை. முழு உயரம் 59.04 அடி, கொள்ளளவு 700 மில்லியன் கன அடி. மழைக்காலத்தில் செய்தித்தாள்களில் இந்த எண்களை எல்லோரும் படித்திருப்பார்கள். அங்கிருந்து ஆறு வடகிழக்காகத் திரும்புகிறது. இடது பக்கம் பர்வதமலை நிமிர்ந்து நிற்கிறது. மலைபடுகடாம் பாடும் நவிரமலை இதுதான் என்பார்கள். நவிரம் என்றால் உச்சந்தலை, மயில், மலை. தலைச்சுட்டி வைத்தாற்போல் தனியாக எழுந்து நிற்கும் உச்சியைப் பார்த்தவர்கள் வைத்த பெயர். இன்றைய பெயரில் பர்வதம் என்றாலும் மலை, மலை என்றாலும் மலை. நவிரம் மறந்ததும் வடசொல்லால் ஒரு பெயர் வந்தது, அந்த வடசொல்லின் பொருளும் மறந்ததும் 'மலை' என்ற தமிழ்ச்சொல் மறுபடி ஒட்டிக்கொண்டது. உச்சியில் மல்லிகார்ஜுனர் கோயில். மலைபடுகடாம் அந்த மலையில் இருப்பதாகச் சொல்லும் காரியுண்டிக் கடவுள் அவரே என்பது பக்தர்களின் நம்பிக்கை. காரி என்றால் கருமையானது, அதாவது நஞ்சு. நஞ்சை உண்ட கடவுள்.

அந்த நஞ்சு மலையடிவாரத்துக் கோயில்களில் வேறு பெயரில் வருகிறது. காஞ்சி, கடலாடி, மாம்பாக்கம், மாதிமங்கலம், எலத்தூர், பூண்டி, குருவிமலை. ஆற்றின் ஒரு கரையில் இந்த ஏழு ஊர்களிலும் சுவாமிக்குப் பெயர் கரைகண்டேசுவரர். சப்த கரைகண்டம் என்று சொல்வார்கள். எதிர்க்கரையில் சப்த கைலாயம் என்று இன்னும் ஏழு கோயில்கள். கரைகண்டேசுவரர் என்றால் ஆற்றங்கரையைக் கண்டவர் என்று ஊரில் விளக்கம் சொல்கிறார்கள், ஆறு பக்கத்திலேயே ஓடுவதால் அந்த விளக்கம் யாருக்கும் உறுத்துவதில்லை. எழுத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. கறைக்கண்டன் என்பது தேவாரத்தில் பழகிய சிவன் பெயர். கறை நஞ்சின் கருமை, கண்டம் கழுத்து. நீலகண்டனுக்கு நேரான தமிழ்ப்பெயர். கண்டம் என்றால் கழுத்து என்பது பேச்சில் மறைந்ததும் 'கண்ட' என்பது பார்த்த என்றாயிற்று. வல்லின றகரம் இடையின ரகரமானதும் 'கறை' கரையாயிற்று. ஓர் எழுத்துப்பிழை அளவுக்குச் சின்ன மாற்றம், ஆனால் நஞ்சுண்ட தொண்டை ஆற்றங்கரை ஆகிவிட்டது.

தலபுராணத்தில் அதே கறை மூன்றாவது வேடம் போடுகிறது. அம்மன் வாழைப்பந்தலில் மணலால் லிங்கம் பிடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றபோது, பிள்ளையான முருகன் மேற்கே மலையைப் பார்த்து வேலை எறிந்தான். வேல் மலையைத் துளைத்துத் தண்ணீர் கொண்டுவந்தது. ஆனால் அங்கே தவம் செய்துகொண்டிருந்த ஏழு பேரின் உயிரையும் வாங்கிவிட்டது. இரத்தம் கலந்து ஆறு சிவந்தது. அந்தப் பழி தீர இரு கரையிலும் கோயில்கள் எழுந்தன. இந்தக் கதையைக் கட்டியவர்களின் மொழியறிவு எனக்குப் பெரிய வியப்பைத் தருகிறது. சேய் உருவாக்கியதால் சேயாறு, முருகன் சேய், தண்ணீர் சிவந்ததால் செய்யாறு, இரத்தம் படிந்ததால் கறை. பெயருக்குள் இருந்த எல்லாப் பொருளையும் ஒரே கதைக்குள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். சிவந்த வெள்ளத்தை ஆண்டுதோறும் பார்த்தவர்கள், அதற்கு ஒரு காரணம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். கதை அதற்குப் பதில். இப்போது அந்த மாதிரிக் கதைகளைத் தள்ளிவிட்டு வேர்ச்சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வது சொல்லாராய்ச்சியில் வழக்கம். நான் அதற்கு உடன்பட மாட்டேன். சேய் என்றால் சிவப்பு என்ற நினைவை, அகராதி இல்லாத காலத்தில் காப்பாற்றிக் கொடுத்தது இந்தக் கதைதான்.

ஏழில் இரண்டு ஊர்ப்பெயர்களை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். காஞ்சி என்பது ஆற்றோரத்தில் வளரும் ஒரு மரம், ஆற்றுப்பூவரசு என்பார்கள். பெரிய காஞ்சிக்குப் போகும் ஆற்றின் மேல்கரையில் இந்தச் சின்னக் காஞ்சி. கடலாடி என்ற ஊரில் கடல் இல்லை. கடல் அங்கிருந்து வெகு தூரம். நாயுருவிச் செடிக்குக் கடலாடி என்று இன்னொரு பெயர் உண்டு. வேலியோரத்தில் வேட்டியில் ஒட்டிக்கொள்ளும் அந்தக் கதிரை அண்ணன் கிள்ளிக் காட்டியபோது, ஊரின் பெயர் எங்கே இருந்து வந்திருக்கும் என்பது எனக்கு விளங்கியது.

கலசபாக்கத்தில் ஆறு நல்ல அகலம். தை மாதம் ரதசப்தமி அன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் இங்கே வந்து செய்யாற்றில் தீர்த்தவாரி காண்பார், உள்ளூர்த் திருமாமுடீசுவரர் எதிர்கொண்டு அழைப்பார். தண்ணீர் ஓடாத ஆண்டுகளில் மணலிலேயே விழா நடக்கும். கரையில் நெல் வயலுக்கு மடை திருப்பிக்கொண்டிருந்த பெரியவரிடம், "ஐயா, ஏன் செய்யாறுன்னு பேரு?" என்று ஆசிரியர் கேட்டார். அவர் மண்வெட்டியை ஊன்றிவிட்டு, "செய்க்குப் பாயுதில்ல தம்பி, அதான் செய்யாறு" என்றார். செய் என்றால் வயல். நன்செய், புன்செய் என்று பட்டாவில் எழுதுவதும் அந்தச் செய்தான். அவருக்கு இதில் எந்தச் சந்தேகமும் இல்லை. அளவைக்கார அண்ணனுக்கும் முகம் மலர்ந்துவிட்டது, வாழ்நாள் முழுக்க அவர் அளந்தது செய்களைத்தானே. அந்த இரண்டாவது 'ய்' எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு எனக்கு அங்கே விடை கிடைத்தது. மலையில் ஆறு சிவப்பாக இறங்குகிறது, அங்கே அது சேயாறு. சமவெளியில் ஏரிகளுக்கும் வாய்க்கால்களுக்கும் பிரிந்து வயலில் நிற்கிறது, அங்கே அது செய்யாறு. நெல் விளைவிப்பவர்கள் பெயரைத் தங்களுக்கு வேண்டியபடி கேட்டுக்கொண்டார்கள். படித்தவர்களுக்கும் இதில் மறுப்பு வராது. செய்யவள், செய்யோன் என்று 'செய்' சிவப்பையும் குறிக்கும். குறுகிய பிறகும் பழைய நிறம் உள்ளே தங்கியிருக்கிறது.

இனி நகரம். செய்யாறு நகரம் என்று இன்று நாம் சொல்லும் ஊருக்குச் சொந்தப் பெயர் வேறு. ஆற்றின் வடகரையில் வேதபுரீசுவரர் கோயில் கொண்ட ஊர் திருவோத்தூர். ஓது என்ற வினையிலிருந்து ஓத்து. ஓதப்படுவது ஓத்து, அதாவது வேதம். திருக்குறளும் இந்தச் சொல்லை வேதத்துக்கு ஆள்கிறது. இறைவன் தேவர்களுக்கு வேதத்தின் பொருளை ஓதிய தலம் என்பது புராணம். அதனால் ஓத்தூர். இதை வடமொழியில் சொன்னால் வேதபுரி; அந்தப் பெயர் சுவாமிக்கு நிலைத்தது. ஊரின் பேச்சுவழக்கில் திருவோத்தூர் திருவத்தூராகத் தேய்ந்தது. தேய்ந்ததற்கு மேல் ஒரு 'புரம்' ஏறித் திருவத்திபுரம் ஆயிற்று. நகராட்சியின் பெயராக இதைத்தான் செய்தித்தாள்களில் பார்க்கிறோம். மக்கள்தொகைக் கணக்கின் ஆங்கில ஏட்டில் பெயர் 'திருவேதிபுரம்' என்று ஒலிக்கிறது. ஓத்து, அத்தி, வேதி: ஒரே ஊர். ஓத்து என்ற சொல் புழக்கத்தில் இருந்து போனதும், கேட்டவர் காதில் அத்தி மரம் முளைத்தது. எழுதியவர் பேனாவில் வேதம் வந்தது. பஸ் ஏறுபவர்களுக்கு இந்த மூன்றும் வேண்டாம். "செய்யாறு ஒரு டிக்கெட்" என்றால் போதும். ஆற்றின் பெயர் ஊரின் மேல் படர்ந்து, ஊரின் பெயர் கோயில் இருக்கும் பகுதிக்குள் ஒதுங்கிவிட்டது.

கோயிலுக்குள் போனால் தலமரம் பனை. திருஞானசம்பந்தர் இங்கே பாடிய பதிகத்தின் கடைசிப் பாட்டில், ஆண்பனை குரும்பை ஈன்றதை அவரே பதிவு செய்கிறார். சிவனடியார் ஒருவர் வளர்த்த பனைகள் எல்லாம் ஆண்பனைகளாகவே நின்று காய்க்காமல் போக, அதைச் சொல்லி மாற்றுச் சமயத்தார் அவரைக் கேலி செய்தார்கள் என்பது பெரியபுராணம் விரிக்கும் கதை. பனையைத் தெரிந்தவர்களுக்கு அந்த அடியாரின் வருத்தம் புரியும். பனை ஆணா பெண்ணா என்பது பாளை விடும்வரை தெரியாது, அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அத்தனை ஆண்டு தண்ணீர் ஊற்றியவன் கேட்ட கேலி அது. இந்தக் கோயிலில் நந்தியும் வழக்கம்போல் சுவாமியைப் பார்த்துக்கொண்டு இல்லை; வாசலைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. உள்ளே ஓதும் நேரத்தில் யாரும் இடையூறு செய்யாமல் காவல் இருக்கிறது என்று சொல்வார்கள். ஊர்ப்பெயரிலிருந்து ஓத்து போய்விட்டது, அதற்குக் காவல் நின்ற நந்தி அங்கேயே இருக்கிறது. கோபுரத்துக்கு முன்னால் இருக்கும் தெருவில் 'ஓத்தூர்' என்ற பழைய பெயரை அதன் பொருளோடு எழுதி ஒரு பலகை வைக்க வேண்டும் என்று ஆசிரியர் ஆசைப்பட்டார். எனக்கும் அந்த ஆசை பலமாக இருக்கிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் தினமும் கடந்து போகும் தெரு அது.

நகரத்தோடும் ஆற்றின் பெயர் நிற்கவில்லை. செய்யாறு வட்டம், செய்யாறு சட்டமன்றத் தொகுதி என்று விரிந்து, மாங்கால் கூட்டுரோடு பக்கம் இருக்கும் தொழிற்பேட்டைக்கும் செய்யாறு சிப்காட் என்றே பெயர். அங்கே வேலைக்குப் போகும் வெளியூர்ப் பிள்ளைகள் பலருக்குச் செய்யாறு என்றால் ஷூ கம்பெனிகள். ஆற்றை அவர்கள் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

நகரத்தைத் தாண்டி ஆறு காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் நுழைந்து, சம்பந்தர் பாடிய இன்னொரு தலமான திருமாகறலைத் தொட்டுக்கொண்டு, திருமுக்கூடலில் முடிகிறது. பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுவதால் முக்கூடல். மூன்றில் இரண்டு நிறத்தால் பெயர் பெற்றவை, ஒன்று வேகத்தால். இங்கே பெயர் கெட்டுப்போகவில்லை. மூன்றும் கூடும் இடம் என்று இன்றைக்கும் குழந்தைக்குக்கூடப் புரியும். பொருள் புரிகிற பெயர்கள் தேய்வதில்லை.

ஆற்றங்கரைப் பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டு. கோயிலை ஒட்டி வேதப் பள்ளியும் மாணவர் விடுதியும் மருத்துவமனையும் இருந்ததையும், அவற்றுக்கு ஆன செலவையும் அது ஒவ்வொன்றாகக் கணக்குச் சொல்கிறது. மருத்துவமனையின் பெயர் வீரசோழன், வகை ஆதுலர் சாலை. ஆதுலர் என்றால் நோயாளிகள். நோயுற்றவரைக் குறிக்கும் 'ஆதுர' என்ற வடசொல்லின் தமிழ் உருவம். பதினைந்து படுக்கைகள். ஒரு மருத்துவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், ஒரு நாவிதர். அவரவர்க்கு நெல்லும் காசும் எவ்வளவு என்பதும் உண்டு. இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. தம்பி அதைக் கேட்டுவிட்டு, மூலிகை எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டார். மருந்துகளில் கடுக்காயும் இருக்கிறது என்று ஆசிரியர் சொன்னதும் அவருக்குச் சந்தோஷம். கடுக்காய் பொறுக்கி விற்பது இன்றும் அவருடைய ஊர்க்காரர்களின் வருமானத்தில் ஒரு பகுதி.

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பழைய சீவரம் மலைக்குப் பார்வேட்டைக்கு வந்து, அங்கிருந்து பாலாற்றைக் கடந்து இங்கே எழுந்தருள்வார். அன்றைக்குக் கூட்டம் தாங்காது. நாங்கள் போனபோது சாதாரண நாள், கோயிலில் அர்ச்சகரும் இரண்டு குடும்பங்களும் மட்டும். கூடல் இடத்தில் தண்ணீர் இரண்டு வாய்க்கால்களாக ஓடியது. எது பாலாறு, எது செய்யாறு என்று கரையில் நின்ற அம்மாவிடம் கேட்டேன். அவர் தயங்காமல் தெற்குப் பக்கத்து ஓட்டத்தைக் காட்டி, "கலங்கலா வருதே, அது" என்றார்.

திருமுக்கூடலுக்குக் கீழே செய்யாறு என்ற பெயர் வரைபடத்தில் கிடையாது. அதற்குப் பிறகு வயலூர் அருகே கடலைச் சேரும்வரை எல்லாமே பாலாறுதான். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியபோது செங்கல்பட்டுப் பாலத்தின் மேல் நின்று ஊரே வேடிக்கை பார்த்தது. அந்த வெள்ளத்தில் ஜவ்வாது மலையின் தென்கிழக்குச் சரிவில் பெய்த மழையும் இருந்தது.